சத்தம் வரக்கூடாது

“குளிர் கம்மியா இருந்தாலும் பரவாயில்ல பாய். சத்தம் மட்டும் வரவே கூடாது” என்றாள் கேரவனோடு வந்திருந்த சந்தியா.

ஏசி மெக்கானிக் அமீருக்கு உறுத்தியது. கேரவன் கூரையில் இருந்த இரண்டு ஏசியும் பழசுதான். ஆனாலும் ஜில்லென்று ஓடின.

“நல்லாத்தானே ஓடுது மேடம், இன்னாத்துக்கு மாத்தணும்?”

“மாத்துங்க பாய், சீக்கிரம்.”

கூரையேறி ஒன்றைக் கழற்றியவன் துளை வழியே உள்ளே பார்த்தான். சுவரெங்கும் கனத்த பஞ்சு மெத்தை. நடுவே ஒற்றை நாற்காலி. உள்ளே யாரை அடித்தாலும் வெளியே கேட்காது!

இட ஒதுக்கீட்டு மறியலுக்காகப் போலீஸெல்லாம் மெயின் ரோட்டில் நின்ற நேரம் அது. கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் இவளுக்கு என்ன வேலை?

புது ஏசிகளை மாட்டிவிட்டு அவன் இறங்கியபோது, மலையிலிருந்து ஒரு தாய் தன் எட்டு வயது மகளோடு வந்தாள். சந்தியா சிறுமியை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். வெளியே தாய் விசும்பினாள்.

அமீருக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து கதவைத் திறந்தான்.

“கொழந்தைய இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?”

நாற்காலியில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்த சிறுமி கையைத் தூக்கினாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் தூக்கினாள்.

சந்தியாவின் கண்கள் கலங்கியிருந்தன.

“காது டெஸ்ட், பாய். சத்தம் கேட்டா கையத் தூக்கணும். போன வாரம் பழைய ஏசி இரைச்சல்ல மெஷின் சத்தம் எடுபடல. இவளுக்குக் காது மந்தம்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

அமீர் வெளியே ஓடினான்.

“அழுவாதீங்கம்மா! உங்க பொண்ணுக்கு நல்லா காது கேக்குதும்மா!”