பத்து வருஷத்து மட்டை

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏழாம் நம்பர் அயர்ன் மட்டைதான் சார். தப்பா அடிச்சாலும் மன்னிச்சிடும்," என்றார் கோல்ஃப் கடைக்காரர்.

"வருங்கால மாமனார் மன்னிக்கணுமே! பத்து வருஷமா ஆடுறேன்னு அவர் பொண்ணுகிட்ட அளந்து விட்டுட்டேன். அவர் இதுல புலியாம். ஞாயித்துக்கிழமை என்கூட ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் கல்யாணப் பேச்சாம். இதைப் பழசாக்கித் தர முடியுமா?" என்றான் மட்டை வாங்க வந்தவன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். பளபளத்த இரும்பில் பத்து வருஷத்தைப் பத்தே நிமிடத்தில் ஏற்றினார். கைப்பிடியில் கடையின் மஞ்சள் ஸ்டிக்கர் மட்டும் உரிய மறுத்தது.

"கையால மூடிக்குங்க சார்."

ஞாயிறு காலை, மைதானத்தில் மாமனார் முதலில் ஓங்கி அடித்தார். புல் பறந்தது; பந்து அசையவில்லை.

"காத்து சரியில்ல. நீங்க அடிங்க தம்பி."

அவனும் அடித்தான். அவனுக்கும் காற்று சரியில்லை.

மாமனார் வியர்வையைத் துடைக்க மட்டையைக் கீழே வைத்தார். ஏழாம் நம்பர். அதே கீறல்கள். கைப்பிடியில் அதே மஞ்சள் ஸ்டிக்கர்.

அவன் தன் கையை மெல்ல விலக்கிக் காட்டினான்.

அவர் இரண்டு ஸ்டிக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் இருபது வருஷம் ஏத்தச் சொன்னேன், மாப்பிள்ளை."