வரப்போகிறவன்

மெசேஜ் வந்து என் போன் மூன்றாவது முறை ஒலித்ததும் என் கணவர் கன்னியப்பன் அதைப் பிடுங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

“எவன்டி அவன்? இன்னா போட்டுகீறான்?”

“உடனே ஊட்ட உட்டுக் கெளம்பச் சொல்லி...”

நான் முடிக்குமுன் அறை விழுந்தது. உதடு கிழிந்தது.

“இட்டுகினு போவ வர்றானா? வரட்டும், மண்டைய பொளக்கறேன்.”

தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய் மொட்டைமாடி அறையில் என்னைப் பூட்டினார். கடப்பாரையோடு வாசற்கதவுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். நான் கத்தியது அவரை இன்னும் வெறியேற்றியது.

சற்று நேரத்தில், மழையில் நிரம்பியிருந்த ஊர் ஏரியின் கரை உடைந்தது. வெள்ளம் கதவைப் பெயர்த்து, அதோடு சேர்த்து அவரைச் சுவரில் அறைந்தது.

வெள்ளானூர் நிவாரண முகாமில் அதிகாரி கேட்டார்: “கவர்மெண்ட் மெசேஜ் வரலியாம்மா?”

“வந்துச்சி சார். மேடான எடத்துக்குப் போவச் சொல்லிச்சி. என்னிய மட்டும் ஏத்தி உட்டுட்டாரு.”