இன்வாய்ஸ் மேல் 786

"இந்த 786-ஐ எடுத்துட்டு வேற அடிச்சிட்டு வாங்க பாய்" என்று பேங்க் ஆபீசர் ஆவுடைநாயகம் இன்வாய்ஸைத் திருப்பித் தந்ததும், துல்கர்னைனுக்குச் சுருக்கென்றது.

பில் நம்பர் 41-க்குப் பக்கத்தில், பிஸ்மில்லாவுக்குப் பதிலாக அவனே பேனாவால் எழுதியது. வாப்பா காலத்திலிருந்தே அது இல்லாமல் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கடையை விட்டுப் போனதில்லை.

"எங்க வழக்கம் சார். யாருக்கு என்ன இடைஞ்சல்?"

"எல்.சி. கேட்டது மட்டும்தான் பேப்பர்ல இருக்கணும்." ஆபீசர் தலையை நிமிர்த்தவே இல்லை.

நெற்றி நிறையத் திருநீறு. ஓஹோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டான் துல்கர்னைன்.

கைலிக் கட்டுகள் ஷார்ஜாவுக்குக் கப்பலேறியாயிற்று. எல்.சி. என்கிற பேங்க் உத்தரவாதக் கடிதத்தில் சொன்னபடி பேப்பர் அச்சு அசலாய் இருந்தால் அந்த ஊர் பேங்க் பணம் கொடுத்தே தீர வேண்டும். ஒரு பிசகு கண்டாலும் நிறுத்திவிடலாம். பேப்பர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். பணம் வராவிட்டால் முப்பது நெசவாளிக்குக் கூலி கிடையாது, அடமானத்தில் இருக்கும் வீடும் போய்விடும்.

நல்லவேளை, வாங்குகிறவன் வேற்றாள் இல்லை. மாமி மகன் மசூதுதான். வாசலுக்கு வந்து அவனுக்குப் போன் போட்டுப் பொருமித் தீர்த்தான்.

"நம்ம நம்பரை அழிக்க அவரு யாரு மச்சான்? அப்படியே அனுப்பச் சொல்லு, நான் இருக்கேம்லா" என்றான் மசூது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உள்ளே போய் அதையும் சொல்லிப் பார்த்தான். ஆவுடைநாயகம் மசியவில்லை. வேறு வழி? சாரலில் நனைந்துகொண்டே குத்துக்கல்வலசை குடோனுக்குப் பைக்கை விட்டான். புதிதாக அடித்து, 786 இல்லாமல், வயிற்றெரிச்சலோடு கையெழுத்துப் போட்டு நாலு மணிக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் ஆவுடைநாயகத்தை வறுத்தெடுத்தான். மனசுக்குள் அவ்வளவு துவேஷம் வைத்திருக்கிறாராம் அந்த மனுஷன்.

பத்தாம் நாள் பணம் வந்து சேர்ந்தது. பின்னாலேயே மசூதின் போன். வழக்கமான சலாம்கூட இல்லை.

"இங்கன கைலி விலை பாதியாப் போச்சு மச்சான். சரக்கே வேண்டாம்னு தள்ளிரலாம்னு பாத்தேன். பில் நம்பர் பக்கத்துல இன்னொரு நம்பர் கிடக்கு, பேப்பர் சரியில்லைன்னு எங்க பேங்க்ல சொல்ல நினைச்சிருந்தேன். அப்படியே அனுப்புன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா, ஏன் அழிச்சே?"