துப்பட்டாவுக்குள் ஒரு பேரம்

அவன் வாய்க்கு ஒன்றரை லட்சம் விலை போட்டிருந்தார்கள்.

கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. இரண்டு நிறுவனங்களும் இணைகின்றனவா என்று அறிவிப்பு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கட்டிய மனைவியிடமும். முக்கியமாக, எதிர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மனைவியிடம்.

அவளைக் கேட்டிருந்தால் பாதி விலைக்கே முடித்துக் கொடுத்திருப்பாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷேர் ஆட்டோ பெருங்குடி சிக்னலில் நின்றது.

மூன்று வாரமாக இதே பேச்சு. திங்கட்கிழமை சேரும் என்றார்கள். பங்கு ஏறியது. புதன்கிழமை சேராது என்றார்கள். இறங்கியது. ஏறினாலும் இறங்கினாலும் அவள் தூக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

எதிர் சீட்டுக்காரர் அவன் கழுத்து அட்டையை எட்டிப் பார்த்தார்.

"சார் அங்கதானா? நூறு ஷேர் வாங்கிப் போட்டிருக்கேன். சேர்ந்துட்டா மொட்டை போடுறேன்னு பெருமாளுக்கு வேண்டுதல். சேருதா சார்?"

"பேப்பர்ல வந்தாத்தான் சார் எங்களுக்கே தெரியும்."

"நல்லா வேண்டினீங்க போங்க," என்றார் டிரைவர். "இப்ப ரெண்டு கேட்டுலயும் ஆள் ஏத்துறேன். சேர்ந்தா ஒரே கேட்டு. பெருமாள் உங்களுக்கு மட்டும்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் துப்பட்டாவை இழுத்து அவன் கைமேல் போட்டாள்.

அவள் அப்பா மணப்பாறையில் மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டை மேலே போட்டு, உள்ளே விரலைப் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். வாயால் எத்தனை பொய்யும் சொல்லலாம். துண்டுக்குள் பொய் சொன்னவனுக்கு மறுசந்தையில் எவனும் கை கொடுக்க மாட்டான்.

காதலித்த காலத்தில், கூட்டமான பஸ்ஸில், அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். சந்தையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கட்டைவிரலை மட்டும் பிடித்தால், நீ.

இரண்டு விரல்களை ஒன்றாகச் சேர்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் சாலையையே பார்த்தான். சிக்னல் விழுந்தது. பிறகு இரண்டையும் சேர்த்து ஒருமுறை அழுத்தினான்.

சேருகிறது.

அவள் குழுவில் அவளோடு ஒன்பது பேர். யார் இருக்கலாம், யார் போகலாம் என்ற பட்டியல் அவன் மேசையில்தான் தயாராகிறது. வீட்டில் பேசாத, இருவருக்கும் தெரிந்த விஷயம். பதினோரு மணிக்கு மீட்டிங் என்று மட்டும் காலையில் சொல்லியிருந்தான்.

கையை விரித்துக் கொடுத்தாள். எத்தனை பேர் இருக்கலாம்?

நான்கு விரல்களைப் பிடித்தான்.

அவளும், அவளுக்குக் கீழே மூன்று பேரும்.

போன மாதம் மற்ற எட்டுப் பேரையும் தரம் பார்த்து வரிசையாக எழுதிக் கொடுத்தவள் அவள்தான். சம்பள உயர்வுக்கு என்று நினைத்தாள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் தீவனம் வைக்க வரவில்லை என்று தரகர் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரிசையில் நான்காவது ஜோஸ்பின். பிரசவ விடுப்பு முடிந்து இப்போதுதான் வந்தாள். ஐந்தாவது யாஸ்மின். அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்.

அவள் ஐந்தாவது விரலையும் அவன் கைக்குள் வைத்தாள்.

அவன் தள்ளினான். நான்கு.

மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளினான்.

"ஏறுது சார், ஏறுது," என்றார் எதிர் சீட்டுக்காரர், போனைப் பார்த்தபடி.

மூன்றாம் முறை அவன் தள்ளவில்லை. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தான். பிடித்தபடியே வெகுநேரம் இருந்தான்.

பிறகு விட்டான். கட்டைவிரலை மட்டும் எடுத்தான்.

நீ.

அதை மெல்ல மடக்கி, அவள் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து மூடினான்.

ஐந்து பேர் இருக்கலாம். அவள் இல்லாமல்.

அவள் சம்பளம் இரண்டு பேர் சம்பளம். இந்தக் கணக்கை அவன் நேற்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ராத்திரி குழம்பில் உப்பு இல்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான்.

பதிமூன்று வருஷ வேலை. வீட்டுக்கடன் இன்னும் ஒன்பது வருஷம். நாற்பத்தொரு வயதில் யார் முன்னால் போய்ப் பல்லைக் காட்டுவது?

சந்தையில் உள்ளங்கையில் தட்டினால் பேரம் முடிந்தது. தட்டாமல் கையை உருவினால் பழைய விலைதான். நான்கு. அவளும் மூன்று பேரும்.

ஆட்டோ நின்றது.

"மொத கேட்டு! சேர்றதுக்குள்ள எறங்கிடுங்கம்மா."

அவள் எழுந்தாள். உட்கார்ந்திருந்ததிலேயே களைத்துப்போயிருந்தாள்.

துப்பட்டாவுக்குள் அவன் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

"சில்லறை நீங்க குடுத்துடுங்க."

அவன் தலையை ஆட்டினான். கடைசிவரை அவளிடம் வாய் திறக்கவில்லை. ஒன்றரை லட்சம் பத்திரம். மூன்று மாதத் தவணைக்கு வரும்.

கேட்டில் நீளமான வரிசை. முன்னால் ஜோஸ்பின் நின்றுகொண்டு கையசைத்தாள். அவளும் அசைத்தாள்.

மொத்தம் ஒன்பது. இருப்பவர்கள் ஐந்து. போகிறவர்கள் நான்கு.

பட்டியலின் கடைசியிலிருந்து மூன்று பெயர்களை எண்ணினாள். பிறகு, திரும்பிக் கிடந்த கழுத்து அட்டையைப் படம் வெளியே தெரியும்படி நேராக்கினாள்.

கணக்குச் சரியாக இருந்தது.