நாற்பது வீடியோ

“பிரசவத்துக்கு வகுப்பா? வேலையத்த வேலை! நாப்பது வீடியோ பார்த்துட்டேன், நானே சொல்லித்தர்றேன்” என்றான் கணவன்.

“ஒரு நாளாவது வந்து உட்காருங்க. வலி வந்தா நீங்கதானே பக்கத்துல நிக்கணும்?” என்று கெஞ்சினாள் நிறைமாதக்காரி.

“அந்த டீச்சரோட லட்சணம் எனக்குத் தெரியாதா?”

அவள் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

பிரசவ அறையில் வலி பின்னியெடுத்தபோது, அவன் வீடியோவைத் தட்டிப் போனை நீட்டினான். திரையில் சோப்பு விளம்பரம் ஓடியது.

“வகுப்புக்கு வந்த புருஷங்கள்லாம் இந்நேரம் இடுப்பைத் தேச்சுவிடுவாங்க. நீங்க ஏன் சார் வரலை?” என்றாள் நர்ஸ்.

“அது... டீச்சர் சரியில்லைன்னு...”

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன், கட்டினவருக்குத்தான் ஏறலை! இடுப்பைத் தேயுங்க!” என்று கட்டிலிலிருந்து சீறினாள் டீச்சர்.