கோணல் கோடு

"கையெழுத்து உங்களுதுதானேங்க?"

கடன் பிரிவு அலுவலர் ஒரு தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற அக்கா உடனே பதில் சொல்லவில்லை. வங்கியில் எதற்கும் அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது என்பது இரண்டாவது பாடம்.

பாடம் நடத்துவது அவளுடைய தம்பி. ஞாயிறுதோறும் நூலகத்து மாடியில் 'பணத்தோடு பழகுவோம்' என்று இலவச வகுப்பு. வருகிற பதினோரு பெண்களுக்கும் அவன் தம்பிதான். இவளுக்கு மட்டும் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பெருமையில் முதல் வரிசையில்தான் உட்காருவாள். முன்னால் உட்கார்ந்தால் வட்டி சீக்கிரம் புரியும் என்று ஒரு நினைப்பு.

ஒரு காலத்தில் இதே வங்கி வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே வருவாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி அலுத்துப்போன காவலாளி, கடைசியில் அந்தச் செருப்புக்கும் சேர்த்துக் காவல் இருந்தார்.

"உன் காசு உள்ள ஜம்முனு ஏசியில உட்கார்ந்திருக்கு. நீ என்னடான்னா வெறுங்கால்ல நிக்கிறே" என்று தம்பி கிண்டலடித்த பிறகுதான் அவளுக்குத் துணிச்சல் வந்தது.

இன்று செருப்போடு வந்திருந்தாள். தனியாக.

சலவைக்கடை முதலாளி கடையைக் கைமாற்றப்போகிறார். மாதக் கடைசிக்குள் பணம் புரட்டினால் கடை இவளுக்கு. இல்லையென்றால் எதிர்க்கடைக்காரருக்கு. அவரிடம் இஸ்திரி போட ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"பொறுக்கா, நானும் கூட வரேன்" என்று தம்பி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வங்கிக் குறுஞ்செய்திகளைக்கூடத் தன் கைப்பேசிக்கே வரும்படி செய்துவைத்திருந்தான், அக்காவுக்குத் தொல்லை வேண்டாம் என்று. ஆனால் நேரம்தான் கிடைக்கவில்லை. போன வருஷம் அவன் திறந்த கைப்பேசிக் கடையில் அப்படிக் கூட்டம். கடை போட முதலீடு எங்கிருந்துடா வந்தது என்று கேட்டபோது, "எல்லாம் தன்னம்பிக்கைதான்க்கா" என்றான். அதையும் அவள் நோட்டில் எழுதிவைத்தாள்.

சரி, நாமே வேலையை முடித்துவிட்டு அவனை அசத்துவோம் என்று கிளம்பிவிட்டாள்.

வந்தால், புதுக்கடன் கிடையாதாம். பழைய கடனில் நாலு தவணை நிற்கிறதாம். போன வருஷம் அவள் வாங்கிய கடன்.

"எனக்கு ஏதுங்க கடன்? ஆள் மாறியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கடன் விண்ணப்பத் தாள் வந்தது.

குனிந்து பார்த்தாள். மேலே எல்லாம் வேறு யாரோ நிரப்பியது. கீழே கையெழுத்து. அதன் அடியில் ஒரு கோடு. பாதி தூரம் ஒழுங்காக வந்து, சட்டென்று துள்ளி, தாளின் ஓரம் வரைக்கும் ஓடியிருந்தது.

அது அவளுக்குத் தெரிந்த துள்ளல்.

முதல் பாடம் நூலகத்தில் நடக்கவில்லை. அவள் சமையலறை மேடையில் நடந்தது. "இப்படி எழுத்துக்கூட்டிப் போட்டா எவன் வேணா காப்பி அடிப்பான்க்கா" என்று தம்பி அவளுக்குப் புதுக் கையெழுத்துப் பழக்கினான். கீழ்ப்பாதி மட்டும் தெரியும்படி தாளை மடித்துக் கொடுத்தான். மேல்பாதியில் எண்ணெய் படக்கூடாதாம். கடைசியில் ஒரு கோடு இழு, கெத்தாக இருக்கும் என்றான். அவள் இழுக்கும்போது, "மேனேஜரம்மா, எங்களுக்கும் ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்று காதோரம் குனிந்து கும்பிட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனா துள்ளிவிட்டது.

இது போச்சு, வேறு தாள் கொடு என்றாள். பரவாயில்லை, இதுதான் நன்றாக இருக்கிறது என்று அவன் அதைப் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டான். அக்காவின் முதல் கையெழுத்தை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறான் என்று நெகிழ்ந்துபோய், அன்றைக்கு அவனுக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டாள்.

அலுவலர் தொண்டையைச் செருமினார்.

"கையெழுத்து என்னுதுதாங்க. கடன் என்னுது இல்ல."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து புகார்ப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார். "யோசிச்சுப் போடுங்கம்மா. போட்டா போலீஸ் வரைக்கும் போகும். போடலைன்னா அத்தனை தவணையும் உங்க தலையில."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படிவம் இரண்டாக மடிந்திருந்தது. முழுக்க விரித்து, மடிப்பு இருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துச் சுருக்கம் எடுத்தாள். முன்னும் பின்னும், அடியிலிருந்த பொடி எழுத்து வரைக்கும் படித்தாள்.

'சந்தேகிக்கும் நபர்' என்ற இடத்தில் பெயரை எழுதிவிட்டாள். அடுத்த கட்டத்தில் 'உறவு' என்று கேட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லை எழுதத்தான் நேரமாயிற்று.

கீழே கையெழுத்துப் போட்டு, அடியில் கோடு இழுத்தாள்.

நேராக வந்தது. சிரிக்கவைக்கப் பக்கத்தில் ஆளில்லை.