முழங்காலைக் கடித்த காவல்காரன்

விளக்கணைத்து வெகு நேரம் கழித்து, "மளுக்" என்று ஒரு சத்தம் கேட்டது. எஸ்தர் டீச்சரின் உடம்பை அறுபத்தெட்டு வருடமாகக் காவல் காக்கும் வெள்ளையணு நான். சிக்குன்குனியாவை விரட்டிய வீரன் என்பதை, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.

சத்தம் வந்த இடத்துக்கு ஓடிப்போய், கையில் அகப்பட்டதைக் கடித்தேன்.

"ஐயோ தாத்தா, நான் முழங்கால்! டீச்சர் பாத்ரூமுக்கு எழுந்தாங்க, நான் மடங்கினேன். அவ்வளவுதான்!"

"சிக்குன்குனியாவும் இப்படித்தான் முழங்கால்னு சொல்லிக்கிட்டு வந்தான்."

"நேத்தும் இதையே சொல்லித்தான் கடிச்சீங்க, வீக்கம் இன்னும் வடியல. அங்க தொண்டைப் பக்கம் யாரோ புதுசா நிக்கிறான், அவனைப் பாருங்க. நுரையீரலுக்குள்ள போயிட்டான்னா டீச்சர் பிழைக்க மாட்டாங்க!"

கண் மங்கலாகிவிட்டதால் கிட்டப்போய்ப் பார்த்தேன். இதுவரை பார்த்திராத ஒரு வைரஸ், பணிவாகக் கைகூப்பி நின்றான்.

"சிக்குன்குனியாவை விரட்டினது நீங்கதானா ஐயா? எங்க ஊர்ல உங்க பேச்சுதான்."

எனக்கு மனம் பூரித்துப்போயிற்று. எவ்வளவு மரியாதையான பிள்ளை! அந்தச் சண்டையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவன் "ம்" கொட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். நடுவில் "தாத்தா! தாத்தா!" என்று கத்திய முழங்காலை ஓடிப்போய் இன்னொரு கடி கடித்துவிட்டு வந்து, கதையைத் தொடர்ந்தேன்.

நான் வெற்றிபெறும் கட்டத்துக்கு வந்தபோது, நுரையீரலின் கதவு உள்ளேயிருந்து தாழிடப்பட்டது.